கங்கை ஜலமும் ஏரி மண்ணும்

(வரதராஜன்பேட்டையில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



ஏரி, குளம், பறவை ஆகியவைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று இந்த ஊர்த் தோழர்கள் என்னைக் கேட்டுக் கொண்டார்கள். நோட்டீசைப் பார்த்த சிலர், "இதென்ன, சுயமரியாதைக்காரன் கொக்கு, நாரையைப் பற்றிப் பேச வந்துவிட்டானே, சாமியைத் திட்டுவது தீர்ந்து போய்விட்டதா?" என்று கேட்டார்களாம். தீர்ந்து போகவில்லை, தோழர்களே. ஏரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாமி தானாகவே வந்து குறுக்கே நிற்கிறது. அதற்கு நான் என்ன செய்யட்டும்?

இப்பொழுது "ஈரநிலம்" என்று ஒரு புதுப் பெயர் சொல்லுகிறார்கள். 1971-ல் ஈரான் தேசத்து ராம்சார் என்ற ஊரில் பல நாட்டார் கூடி, இப்படிப்பட்ட இடங்களைக் காப்பாற்ற வேண்டுமென்று ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். அது முதற்கொண்டு பெயர் பிரபலமாயிற்று. ஆனால் சரக்கு நமக்குப் பழையது. ஏரி, தாங்கல், ஏந்தல், படுகை, கழுவெளி என்று நம் பாட்டன்மார் பெயர் வைத்திருந்ததெல்லாம் அதுதான். ஆற்றில் பெருகி வரும் தண்ணீர் கடலுக்கு ஓடிப் போவதற்கு முன் கொஞ்ச காலம் தங்கிவிட்டுப் போகிற இடம். அப்படித் தங்குகிற இடத்தில் கோரை வளரும், மீன் குஞ்சு பொரிக்கும், பறவை வந்து இறங்கும், பக்கத்துக் கிணறுகளில் ஊற்று ஏறும். அந்த இடத்தைத் தூர்த்துவிட்டால் இவ்வளவும் ஒரேயடியாகப் போய்விடும். நாம் தூர்த்துவிட்டோம். இப்போது மறுபடியும் எப்படி உண்டாக்குவது என்பதுதான் இன்றைய பேச்சு.

கங்கை வந்தது, ஏரி போயிற்று

வெகு தூரம் போக வேண்டாம். நமது ஜில்லாவிலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ராஜேந்திர சோழன் ஏறக்குறைய 1000 வருஷங்களுக்கு முன் வடக்கே படை அனுப்பி, தோற்றுப் போன அரசர்கள் தலையிலே கங்கை ஜலத்தைச் சுமக்க வைத்துக் கொண்டுவந்து, தான் வெட்டிய ஏரியிலே விட்டான் என்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. தண்ணீராலேயே நிறுத்திய வெற்றித் தூண் என்று அதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு வர்ணிக்கிறது. சோழகங்கம் என்று அரசன் வைத்த பெயர். பொன்னேரி என்று ஜனங்கள் வைத்த பெயர்.

இந்த ஏரி எப்படிப்பட்டது என்று 1855-ல் சென்னையில் அச்சான ஒரு கெஸட்டியரில் எழுதியிருக்கிறது. கரை மாத்திரம் தெற்கு வடக்காக 16 மைல் நீளம். அதிலே பலமான மதகுகள். தெற்கே கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேற்பட்ட ஒரு வரத்து வாய்க்கால். வடக்கே வெள்ளாற்றிலிருந்து வேறொரு சிறு வாய்க்கால். மைலை எண்ணிக் கொள்ளுங்கள், தோழர்களே! இன்ஜினீயர் காலேஜ் இல்லை, மண் வாரும் இயந்திரம் இல்லை, 60 மைல் தூரத்துக்கு வாட்டம் பார்த்துத் தண்ணீரை நடத்திக் கொண்டுவந்திருக்கிறார்கள். வாட்டம் ஒரு இடத்தில் தப்பினால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். அந்தக் கணக்குப் போட்டவன் பெயர் என்ன? மண் சுமந்தவள் பெயர் என்ன? செப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். அரசன் பெயர் இருக்கும், கங்கையின் பெயர் இருக்கும், அவன் பாட்டன் முப்பாட்டன் சூரியனுக்குப் பிறந்த கதையெல்லாம் இருக்கும். கூடை சுமந்தவள் பெயரை மட்டும் தேடினாலும் காண முடியாது.

இவ்வளவு விவரமும் எழுதிவிட்டு அதே புத்தகம் இன்னொன்றும் சொல்லுகிறது. இந்த ஏரி வெகு காலமாக உபயோகமற்றுப் போய், உள்ளே பெருங்காடு மண்டிக் கிடக்கிறது என்கிறது. படையெடுத்து வந்தவர்கள் கெடுத்தார்கள் என்பது ஊர்க் கதை. யார் கெடுத்தால் என்ன, கெட்ட பிறகு கங்கை ஜலம் என்ன செய்தது? பாவத்தைப் போக்குகிற சக்தி அதற்கு உண்டு என்கிறார்கள். ஒரு உடைப்பை அடைக்கிற சக்தி இல்லையே! வாய்க்காலில் ஏறிய வண்டலைத் தள்ளுகிற சக்தி இல்லையே!

வீராணம் ஏன் பிழைத்தது?

இது தற்செயலாக நடந்தது என்று யாராவது சொல்லக்கூடும். அதற்கும் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. கடலூர் ஜில்லாவில் வீராணம் ஏரி. அதுவும் சோழர் வெட்டியதுதான். ராஜேந்திரனுக்கு நூறு வருஷம் முந்தியது. அதற்குக் கங்கை ஜலம் ஒரு சொட்டும் வந்ததாகக் கதை இல்லை. அந்த ஏரி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. வயலுக்குப் பாய்கிறது. 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைப் பட்டணத்துக்குக் குடி தண்ணீரும் போகிறது. காரணம் என்ன? அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் கீழணை கட்டினார்கள். அங்கிருந்து வடவாறு என்ற வாய்க்கால் வீராணத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. வாய்க்கால் இருக்கிற ஏரி பிழைத்தது. வாய்க்கால் போன ஏரி செத்தது. புண்ணிய தீர்த்தம் விட்ட ஏரி எது, விடாத ஏரி எது என்று பார்த்து மேகமும் ஆறும் நடந்து கொள்ளவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. கீழணை கட்டுகிற காலத்தில் கல் வேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் ஆட்கள் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோவில் மதிலைப் பெயர்த்துக் கொண்டுபோய் அணையிலே போட்டுவிட்டார்கள். ஊரார் தடுத்துப் பார்த்தார்கள். தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொல்லி, அதையும் செய்யாமல் ஏமாற்றினார்கள் என்று நான் சொன்ன புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. கேட்காமல் எடுத்ததும், கேட்டவர்களைத் தண்டித்ததும், வாக்குத் தவறியதும் அக்கிரமம்தான். அதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கல்லின் யோக்கியதையைப் பாருங்கள். 800 வருஷம் சாமியைச் சுற்றி நின்றது, தீண்டப்படாதவன் என்று ஒருவனை வெளியே நிறுத்தியது. ஆற்றின் குறுக்கே போய் விழுந்த பிறகு, இன்ன ஜாதி என்று பார்க்காமல் தண்ணீரைத் தேக்கிக் கொடுக்கிறது.

இருக்கட்டும். 2025 ஜூலையில் பிரதம மந்திரி சோழபுரத்துக்கு வந்தார். காசியிலிருந்து மறுபடியும் கங்கை ஜலம் வந்தது, சடங்கு நடந்தது. அதே மாதத்தில் தமிழ்நாட்டுச் சர்க்கார் சோழகங்கத்தைச் சீர்படுத்த 19 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்யப் போவதாக அறிவித்தது. இந்த இரண்டில் எது ஏரியை நிரப்பும் என்று ஒரு சின்னப் பையனைக் கேட்டால் சொல்லிவிடுவான். ஆனால் பணத்தைப் பற்றியும் நான் ஒரு கேள்வி கேட்பேன். அந்தப் பணத்தில் எவ்வளவு கரைக்கும் மதகுக்கும் வரத்து வாய்க்காலுக்கும் போகிறது, எவ்வளவு பார்க்க வருகிறவர்கள் உலாவுகிற பாதைக்கும் விளக்குக்கும் போகிறது என்று நாம் கணக்குக் கேட்க வேண்டும். விளக்குப் போட்டால் ஏரி நிரம்பாது.

ஜபமும் ரயிலும்

2019-ம் வருஷம் கோடையில் மழை இல்லை. இந்து அறநிலையத் துறையார் கோவில்களில் மழைக்காக யாகம் செய்யும்படி சுற்றறிக்கை அனுப்பினார்கள். அண்டாவில் தண்ணீர் நிரப்பி அதற்குள் உட்கார்ந்து கொண்டு அய்யர்கள் வருண ஜபம் செய்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஊரெல்லாம் குடத்தைத் தூக்கிக் கொண்டு அலைகிற காலத்தில் அண்டா நிறையத் தண்ணீர் இவர்களுக்கு மாத்திரம் எங்கிருந்து கிடைத்தது? சரி, உட்கார்ந்தார்கள். வருணன் வந்தானா? சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கிற ஏரிகள் காய்ந்து வெடித்தன. கடைசியில் ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வருணன் வரவில்லை, ரயில் வந்தது.

இந்த ஊரில் கிறிஸ்தவத் தோழர்கள் அதிகம். இந்துக்களைச் சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள், எனக்குத் தெரியும். மழை வேண்டி மாதாவிடம் ஜெபம் செய்கிறதும், அண்டாவில் உட்காருகிறதும் அடிப்படையில் ஒன்றுதான், அண்டா மாத்திரம் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகாதீர்கள் என்று நான் இங்கே சண்டை பிடிக்க வரவில்லை. ஜெபத்துக்குக் கூடுகிற அதே ஆட்கள் ஒரு நாள் மண்வெட்டியோடு கூடினால் ஊர் ஏரியின் வரத்துக்கால் எத்தனை பர்லாங் சுத்தமாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்லுகிறேன்.

"நம்முடையது முந்திரிக் காடு, செம்மண் பூமி, ஆற்றுத் தண்ணீர் நமக்கு எங்கே வருகிறது?" என்று கேட்பீர்கள். ஆறு வராத ஊருக்குத்தான் குளம் அதிகமாய் வேண்டும். மழை பெய்கிற சில வாரத்தில் விழுகிற தண்ணீரைத் தங்க வைக்காவிட்டால் அது ஓடையோடு போய்விடுகிறது. பிறகு நூற்றுக்கணக்கான அடிக்குக் குழாய் இறக்குகிறோம். பக்கத்துக் கொல்லைக்காரன் இன்னும் ஆழமாக இறக்குகிறான். பணக்காரன் குழாய் ஆழமாய்ப் போகப் போக, ஏழையின் கிணறு காய்கிறது. மேலே ஒரு குளம் நிறைந்திருந்தால் இரண்டு பேருக்கும் ஊறும்.

பறவையால் நமக்கு என்ன?

நமது ஜில்லாவில் கரைவெட்டி ஏரி இருக்கிறது. சுமார் 1100 ஏக்கர். புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரித் தண்ணீர் வருகிறது. 1999 முதல் பறவைகள் சரணாலயம். 2024 ஜனவரியில், நான் முன்னே சொன்ன ராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் அதையும் சேர்த்துவிட்டார்கள். ஏறக்குறைய 200 வகைப் பறவைகளை அங்கே கண்டு எழுதியிருக்கிறார்கள். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன் ஆகியவைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இவைகளோடு பனிக்காலத்தில் பட்டைத்தலை வாத்து என்று ஒன்று வருகிறது. பட்டை என்றவுடன் விபூதிப் பட்டை என்று நினைத்துவிடாதீர்கள், நம்முடைய நிறம், கறுப்புப் பட்டை! அது திபெத்து, மங்கோலியா தேசத்து ஏரிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிறது. பரமசிவன் இருக்கிறதாகச் சொல்லுகிற கைலாசம் அந்தத் திபெத்தில்தான் இருக்கிறது. வருஷா வருஷம் அந்தப் பக்கம் போய் வருகிற பறவைக்கு அங்கே தெரிந்ததெல்லாம் ஏரியும் புல்லும்தான் போலும். குளிர் தாங்காமல், உணவைத் தேடி, கரைவெட்டிச் சேற்றுக்கு வந்து சேருகிறது. அது வந்து இறங்கினால் அந்த ஏரியில் தண்ணீரும் புல்லும் தக்கபடி இருக்கிறது என்று அர்த்தம். எந்த அதிகாரி சர்ட்டிபிகேட்டைக் காட்டிலும் அதை நான் நம்புவேன்.

"பறவை வந்தால் அழகுதான், எனக்கு என்ன பிரயோஜனம்?" என்று விவசாயி கேட்பது நியாயம். இதற்குச் செங்கற்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கல் ஜனங்கள் 200 வருஷங்களுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஏரியில் கூடு கட்டிய பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டுக் கொண்டிருந்தார்கள். ஜனங்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர், அந்தப் பறவைகளைப் பாதுகாக்கிற உரிமை ஊராருக்கு உண்டு என்று கவுல் எழுதிக் கொடுத்தார். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. அந்த ஜனங்கள் புண்ணியத்துக்காகவா முறையிட்டார்கள்? பறவையின் எச்சம் ஏரியில் விழுகிறது, அந்தத் தண்ணீர் வயலில் பாய்கிறது, எருவில்லாமலே நெல் நன்றாக விளைகிறது என்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். இன்றைக்கு யூரியா மூட்டைக்கு வரிசையில் நிற்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மயில் முருகனுக்கு வாகனம், கருடன் விஷ்ணுவுக்கு வாகனம் என்று கும்பிட்டவனைவிட, எச்சம் எரு என்று கண்டுகொண்டவனே பறவையைக் காப்பாற்றினான். நத்தைகுத்தி நாரை வயலில் நத்தையைத் தின்னுகிறது. அரிவாள் மூக்கன் புழு பூச்சியைக் கிளறித் தின்னுகிறது. கூலி கேட்பதில்லை.

சிவகங்கை ஜில்லாவில் வேட்டங்குடி சரணாலயத்துக்குப் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்ற ஊர். அந்த ஊரார் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பறவை பயந்து ஓடிவிடும் என்று வெகு காலமாக நிறுத்திவிட்டார்கள். நரகாசுரனைக் கொன்ற கதைக்காகத் தமிழன் எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா என்று நாங்கள் தொண்டை கிழியக் கத்தியும் பட்டாசை நிறுத்த முடியவில்லை. நாரை ஒரு பிரசங்கமும் செய்யாமல் நிறுத்திவிட்டது!

ஏரி யாருடையது?

இனி முக்கியமான சங்கதி. ஏரி வெட்டுவதும் மராமத்துப் பார்ப்பதும் நமது நாட்டில் யாருடைய வேலையாக இருந்தது? குடிமராமத்து என்று அழகான பெயர். ஊரார் எல்லோரும் சேர்ந்து செய்தது என்று புத்தகத்தில் எழுதுகிறார்கள். நிலமுள்ளவன் குடை பிடித்துக் கரையில் நின்றான், நிலமில்லாதவன் சேற்றில் இறங்கினான். 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட்டார்கள். எல்லோரும் சந்தோஷமாகச் செய்கிற வேலைக்குக் கட்டாயச் சட்டம் எதற்கு? அல்லாமலும், சேற்றில் இறங்கி வெட்டியவன், தண்ணீர் நிரம்பிய பிறகு அதே ஏரியில் இறங்கினால் தீட்டு!

பம்பாய் மாகாணத்தில் மகாத் என்ற ஊரில் 1927 மார்ச் 20-ந் தேதி டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஆடு மாடு குடிக்கிற குளம். மேல்ஜாதிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மாட்டுச் சாணமும் மூத்திரமும் கலந்து குடம் குடமாகக் கொட்டிக் குளத்தைச் சுத்தம் செய்தார்கள். எது அசுத்தம், எது சுத்தம் என்பதில் இவர்கள் மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள். வேதத்துக்கு வந்த பிறகும் கல்லறையில் தனித் தடுப்பு வைத்திருக்கிற ஊர்கள் நமது நாட்டில் உண்டு என்பதையும் இந்தச் சமயத்தில் சொல்லிவிடுகிறேன்.

ஆனதால், ஏரியைப் பழையபடி ஆக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் அந்தப் "பழையபடி"யைச் சந்தேகத்தோடு பார்க்கிறேன். தண்ணீர் பழையபடி வரட்டும். மீன் குத்தகை பழையபடி இரண்டு பெரிய வீட்டுக்கே போக வேண்டாம். கோரை அறுக்கிறவள், மீன் பிடிக்கிறவன், ஆடு மேய்க்கிறவன், நிலமில்லாத ஆதிதிராவிடக் குடும்பம், இவர்களுக்கு ஏரியில் உரிமை இல்லாவிட்டால் ஏரியைக் காப்பாற்றுகிற அக்கறை அவர்களுக்கு எதற்காக வரும்? சர்க்கார் சரணாலயம் என்று பெயர் வைத்து முள்வேலி போட்டு, பக்கத்து ஊரானைத் திருடன் போல் பார்த்தாலும் இதே கெடுதல்தான். வேடந்தாங்கலில் பறவை பிழைத்ததற்குக் காரணம், காவல் உரிமை ஊராரிடம் இருந்தது.

எப்படிச் செய்வது என்றும் கொஞ்சம் சொல்லுகிறேன். இப்பொழுதெல்லாம் ஏரியைச் சீர்படுத்துகிறோம் என்று இயந்திரத்தை இறக்கி, நாலு பக்கமும் செங்குத்தாகத் தொட்டி மாதிரி வெட்டி, கரைக்குச் சிமிட்டி பூசிவிடுகிறார்கள். காண்டிராக்டருக்கு லாபம். நாரைக்கு என்ன லாபம்? அது நின்றுகொண்டு மீன் பிடிக்கிற பறவை. அதன் கால் நீளத்துக்குத் தண்ணீர் ஆழம் இருக்க வேண்டும். ஓரத்தில் சரிவாக, முழங்கால் ஆழம், கணுக்கால் ஆழம் என்று படிப்படியாக இருந்தால்தான் கோரை முளைக்கும், மீன் குஞ்சு ஒதுங்கும், மாடு இறங்கிக் குடிக்கும், குழந்தை தவறி விழுந்தாலும் ஏறி வரும். நடுவில் ஆழம் இருக்கட்டும், கோடைக்கு மீன் தங்கும். எடுத்த மண்ணில் கொஞ்சத்தை உள்ளேயே மேடாகப் போட்டு நாட்டுக் கருவேல் வைத்தால் கூடு கட்டும். சீமைக் கருவேலையும், நெய்வேலிக் காட்டாமணக்கையும், ஆகாயத் தாமரையையும் வேரோடு எடுக்க வேண்டும். ஒரு தடவை எடுத்துப் படம் பிடித்துக் கொண்டால் போதாது, அடுத்த வருஷமும் முளைக்கும், அடுத்த வருஷமும் எடுக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் முந்தி வரத்து வாய்க்கால். அதை விட்டுவிட்டு ஏரியை வெட்டுகிறவன் உலையில் தண்ணீர் வைக்காமல் அடுப்பை ஊதுகிறவன்.

வண்டல் வயலுக்கு உரம். அதை அள்ளிக் கொள்ள 2024 முதல் தாசில்தாரே அனுமதி கொடுக்கிறார். ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் போட்ட சட்டம் இருக்கிறது. ஆனால் ஆக்கிரமிப்பு என்றால் முதலில் குடிசைக்காரன் வீட்டுக்கே ஆள் வருவதைப் பார்க்கிறோம். ஏரிக்குள் பத்து ஏக்கர் வளைத்தவன், கோவில் கட்டி வளைத்தவன், இவர்களிடம் முதலில் போகட்டும். குடிசைக்காரனுக்கு வேறு இடத்தில் மனை கொடுத்துவிட்டுப் பிறகு அவனிடம் வரட்டும்.

ஒரு தோழர் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். "பறவைக்கு இடம் விட்டால் மீனையெல்லாம் அது தின்றுவிடாதா? மீன் குத்தகை எடுத்தவன் என்ன செய்வான்?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. தின்னத்தான் செய்யும். அது பொதுவாகத் தின்னுவது ஓரத்துத் தண்ணீரில் உள்ள சின்ன மீன், நத்தை, தவளை. குத்தகைக்காரர் விற்கிற பெரிய மீன் நடு ஆழத்தில் இருக்கிறது. தொட்டி மாதிரி வெட்டிய ஏரியில் இரண்டுக்கும் ஒரே இடம், அதனால் சண்டை. சரிவாக வெட்டினால் அதற்கு ஓரம், இவருக்கு நடு. மேலும், சீட்டு எழுதிய தோழர் குத்தகைக்காரராக இருந்தால் அவரை நான் ஒன்று கேட்கிறேன். ஏரியில் தண்ணீர் ஐந்து மாதம் நிற்கிற வருஷத்தில் எவ்வளவு மீன் எடுத்தீர்கள், எட்டு மாதம் நிற்கிற வருஷத்தில் எவ்வளவு எடுத்தீர்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள். நாரை தின்றதையும் அதோடு ஒப்பிடலாம். நாளைக் காலை வரத்து வாய்க்காலை நடந்து பார்க்கப் போகிறோம். அந்த நோட்டையும் எடுத்துக் கொண்டு வாருங்கள்.